தோட்டம் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் புது வீட்டு வாசலில் கிடக்கும் கொஞ்ச இடத்தில், பலவகைச் செடிகளைக் கலந்து நெருக்கமாக நடும் ‘காட்டேஜ் கார்டன்’ போட்டுத் தருவதாக ஒருவர் வலம் வருகிறார். கைபேசியில் அவர் காட்டும் படங்கள் கண்ணைப் பறிக்கும். பெயர் இங்கே வேண்டாம், புகார் மனுவில் வரட்டும். அவர் செய்துவிட்டுப் போன வேலையைச் சொல்கிறேன். அதே வேலையை வேறு யார் செய்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் வீட்டு முன்புறம் அரை சென்ட், அதாவது 218 சதுர அடி. மனை போட்டபோது கிராவல் கொட்டி மேடாக்கிய இடம். ஒரு அடி ஆழத்துக்கு அதை அள்ளிவிட்டு, செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பி, ரோஜாவும் மற்ற பூச்செடிகளும் நெருக்கமாக நட்டுத் தருவதாகப் பேச்சு. மொத்தம் 85,000 ரூபாய். நானும் கணவரும் வேலைக்குப் போயிருந்த பகலில் ஆட்கள் வந்து முடித்துவிட்டார்கள். சாயங்காலம் பார்க்க அவ்வளவு அழகு. பாக்கியை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. செடிகள் வரிசையாக வாட ஆரம்பித்தன. போன் செய்தால், “உங்க போர் தண்ணி உப்புக்கா, அதான் செடி பிடிக்கல” என்றார். இந்தப் பக்கம் நிலத்தடி நீரில் குறை உண்டு. ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதனால் அவர் சொல்வது கேட்பவருக்கு நியாயமாகவே படும். ஆனால் அதே போர் தண்ணீரில்தான் வீட்டுக்குப் பின்னால் என் மாமியார் வைத்த செம்பருத்தியும் கனகாம்பரமும் செழித்து நின்றன. “தண்ணியில கோளாறுன்னா என் செடியும் தானே வாடணும்?” என்று கேட்டுவிட்டு, அவரே போய் காய்ந்த செடி ஒன்றைப் பிடித்து இழுத்தார்.

டம்ளரிலிருந்து எடுத்ததுபோல் அப்படியே கையோடு வந்தது. வேரைச் சுற்றி நர்சரியின் கறுப்பு பாலிதீன் கவர்! அதைக் கிழிக்காமலே குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். வெளியே மண் சொதசொதவென்று ஈரம், கவருக்குள்ளே பொடிப்பொடியாகக் காய்ந்த மண். வேர் வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே வளையம் வளையமாகச் சுற்றியிருந்தது. அடுத்தடுத்து பிடுங்கிய செடிகளும் அப்படித்தான். கவரைப் பிரித்து நட்டால் ஒவ்வொரு செடிக்கும் கொஞ்ச நேரம் கூடுதலாகும். அந்தக் கொஞ்ச நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை உயிரையும் கொன்றிருக்கிறார்கள்.

அப்புறம் கடப்பாரை போட்டுப் பார்த்தோம். நாலு விரற்கடை செம்மண், அதற்குக் கீழே ரப்பீஸ்: சிமென்ட் கட்டி, உடைந்த டைல்ஸ், பூச்சுக் காரை. எங்கேயோ இடித்த வீட்டுக் குப்பையை எங்கள் வாசலில் புதைத்துவிட்டு, மேலே மண்ணைத் தூவியிருக்கிறார்கள். சிமென்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறும், செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது, நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாகும். எங்கள் செம்மண் செலவுக்கு அவர் எழுதிக் கொடுத்த கணக்கு 3 யூனிட். ஒரு யூனிட் 100 கன அடி. 218 சதுர அடிக்கு ஒரு அடி ஆழம் முழுக்க மண்ணாகவே போட்டாலும் 218 கன அடிதான், இரண்டு யூனிட்டும் சொச்சமும். மண் லோடு இறங்கும்போது இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

ரோஜா விஷயம் இன்னும் மோசம். ஓசூர் பசுமைக்குடிலிலிருந்து நேராக வந்த புதுச்செடி என்றார். தண்டு கட்டைவிரல் மொத்தம், பட்டை கருத்து, மேலெல்லாம் வெட்டுத் தழும்பு. பசுமைக்குடிலில் சில வருடம் பூப் பறித்து விளைச்சல் குறைந்ததும் செடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவார்கள். ஓசூரில் அந்த வேலையிலேயே இருக்கும் என் தம்பி பார்த்த உடனே, “இது கழிச்சுப் போட்ட செடிக்கா” என்றான். பல செடிகளில் ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே இருந்த நல்ல ரோஜா பட்டுப்போய், கீழே ஒட்டுக்கு வைத்த காட்டு ரோஜாவின் தளிர் மட்டும் கிளம்பியிருந்தது.

லாவெண்டர், டெல்பினியம், ஃபாக்ஸ்குளோவ் என்று பட்டியலில் இருந்தவை எல்லாம் குளிர் ஊர்ச் செடிகள். ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரம். கிருஷ்ணகிரி நகரம் அதைவிட ஆயிரம் அடிக்கு மேல் தாழ்வு, சித்திரை வெயில் பாறையில் பட்டுத் திரும்பி அடிக்கும் ஊர். அங்கே பிழைப்பதெல்லாம் இங்கே பிழைக்காது. அதிலும் ஃபாக்ஸ்குளோவ் செடி முழுக்க இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. குழந்தை இருக்கும் வீட்டில் அதை ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

காட்டேஜ் தோட்டம் ஒன்றும் பணக்கார விஷயம் இல்லை. இங்கிலாந்துக் கிராமத்துச் சின்ன வீடுகளில் பூ, மூலிகை, காய்கறி எல்லாம் கலந்து நெருக்கமாக வளர்த்ததுதான். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வில்லியம் ராபின்சன், கெர்ட்ரூட் ஜீக்கில் போன்றவர்கள் அதைப் பெரிய தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அடர்த்தி நம் ஊரிலும் வரும். காசித்தும்பை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, நித்தியகல்யாணி, அந்திமந்தாரை, வேலியில் சங்குப்பூ, ஓரத்தில் துளசி, இடையில் கத்தரியும் மிளகாயும் போதும்.

வேலை நடக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். குழி எடுத்ததும் ஆழத்தை டேப் வைத்து அளந்து, மண் போடுவதற்கு முன் படம் எடுங்கள். கழற்றிய கவர்களை எண்ணி வாங்குங்கள், செடிக்கு ஒரு கவர் இருக்க வேண்டும். பணத்தில் ஒரு பங்கைப் புதுத்தளிர் வரும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதி வாங்குங்கள். மண்ணில் சந்தேகம் இருந்தால் பாக்கியைக் கொடுப்பதற்கு முன்பே மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு பில் தரவில்லை. ஆனால் ஜிபேயில் பணம் போன விவரமும், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செடிப்பட்டியலும், யூனிட் கணக்கும் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் விவரம் கேட்க வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதேபோல் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், காய்ந்த செடிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கவரோடு அப்படியே படம் எடுத்து, தேதியோடு பத்திரமாக வையுங்கள்.