ஜெர்மனி வேலைக்கு ‘இன்டர்நேஷனல் ஸ்கில் சர்டிபிகேட்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

என் தம்பி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவன். கேம்பஸ் இன்டர்வியூவில் எதுவும் அமையவில்லை. கோவையில் உள்ள ஒரு கன்சல்டன்சி அவனிடம் 1,85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, எங்கேயும் செல்லாத சான்றிதழ் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அதே ஆட்கள் இப்போது கல்லூரிகளுக்கே போய் செமினார் நடத்துகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

“வெறும் பி.இ.யை வெச்சுட்டு வெளிநாட்டுல ஒண்ணும் பண்ண முடியாதுங்க சார். இன்டர்நேஷனல் சர்டிபிகேட் இருந்தாத்தான் ரெஸ்யூமையே பார்ப்பாங்க” என்று அப்பாவிடம் சொன்னார்கள். பயிற்சி, ஜெர்மன் ஏ1 (மொழியின் ஆரம்ப நிலை), சான்றிதழ், அப்புறம் வேலை விசா என்று எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். அப்பா எல்ஐசி பாலிசி மேல் கடன் வாங்கிக் கட்டினார்.

பயிற்சி என்று வந்தது வாட்ஸ்அப்பில் சில பிடிஎஃப். ஜெர்மன் டீச்சர் பாதியில் நின்றுவிட்டார், வேறு ஆள் போடவில்லை. கடைசியில் தங்க நிற முத்திரையும் க்யூஆர் கோடும் போட்ட தாள் வந்தது. அந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அதே கன்சல்டன்சியின் தளத்தில் தம்பி பெயர் போட்ட ஒரு பக்கம் திறக்கிறது. கொடுத்ததும் அவர்கள், சரிபார்ப்பதும் அவர்கள். ஏ1 சான்றிதழும் அவர்களே அச்சடித்ததுதான். விசாவுக்கு கோதே இன்ஸ்டிட்யூட், டெல்க் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் தேர்வுச் சான்றிதழ் வேண்டும். கோதே தேர்வை சென்னையிலேயே நேரடியாக எழுதலாம், நடுவில் யாரும் தேவையில்லை.

இந்தியப் பட்டத்தை ஜெர்மனி ஏற்குமா என்று பார்க்க ‘அனாபின்’ என்ற அரசுத் தரவுத்தளம் இருக்கிறது, இலவசம். பல்கலைக்கழகத்துக்கு ‘எச் பிளஸ்’ (H+, அதாவது அங்கீகாரம் பெற்றது) என்று இருக்கிறதா, நம் பட்டம் அதில் வருகிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். அங்கே எடைபோடுவது பட்டத்தையும் மொழியையும் அனுபவத்தையும். இவர்கள் விற்கும் தாளுக்கு அதில் இடமே கிடையாது.

‘வேலை விசா’ என்று அவர்கள் சொன்னது உண்மையில் ஜெர்மனி 2024 ஜூனில் கொண்டுவந்த ஆப்பர்சூனிட்டி கார்டு. அது அங்கே போய் வேலை தேடிக்கொள்ள ஓராண்டு வரை கிடைக்கும் அனுமதி. அதுவரை வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். செலவுக்கு 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ கையில் இருப்பதாகக் காட்டவும் வேண்டும். இதில் ஒரு வார்த்தைகூட அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதைச் சரியாகப் படித்தோம். ‘பயிற்சி மற்றும் ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று இருக்கிறது. வேலை என்ற சொல்லே இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், சேவைக் கட்டணமும் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான் வாங்கலாம். பயிற்சி என்று எழுதிவிட்டால் இரண்டிலிருந்தும் நழுவப் பார்க்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற முகவர் பட்டியல் இருக்கிறது. இவர்கள் பெயர் அதில் இல்லை. பணம் கட்டும் முன் அங்கே பாருங்கள். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும். இதே மாதிரி பணம் கட்டியவர்கள் ரசீது, ஜிபே பதிவு, அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள். ‘வேலை கன்ஃபர்ம்’ என்று அவர்கள் குரலிலேயே சொன்னது எங்களிடம் இருக்கிறது, மனுவோடு அதையும் சேர்த்திருக்கிறோம்.