ஆம்ஸ்டர்டாம் ரெம்பிராண்ட் வீடு - கண்டிப்பா போங்க

பழைய டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1639ல இருந்து 1658 வரைக்கும் குடியிருந்த வீடு, இப்ப மியூசியம். பெயிண்டிங் பாக்கணும்னு மட்டும் போகாதீங்க, இங்க விஷயமே செம்புத்தகட்டு அச்சுப்படங்கதான். எப்படி செய்றாங்கன்னு நம்ம கண்ணு முன்னாடியே காட்றாங்க, தகட்டுல மெழுகு மாதிரி ஒரு பூச்சு, ஊசியால கீறி வரையணும், கீறின இடத்த மட்டும் ஆசிட் அரிக்கும், அப்புறம் மை தடவி மேல இருக்கறத துணியால துடைச்சிட்டு ஈரப்பேப்பர வச்சு பிரஸ்ல உருட்டி எடுத்தா படம் இடவலம் மாறி வருது!

நான் ரொம்ப நேரம் நின்னது 'நூறு கில்டர் பிரின்ட்'ங்கற அவரோட அச்சுப்படத்துக்கிட்டதான் (கில்டர்னா பழைய டச்சுக் காசு). பைபிள்ல மத்தேயு 19ஆம் அதிகாரத்த மொத்தமா ஒரே தகட்டுல கொண்டு வந்திருக்கார். பணக்கார வாலிபன் இடப்பக்கம் தாடைய கையில தாங்கி யோசிச்சிட்டு உக்காந்திருக்கான், வலது ஓரம் வாசல் வளைவுல பாத்தா ஒரு ஒட்டகம். பணக்காரன் பரலோகம் போறத விட ஒட்டகம் ஊசிக் காதுல நுழையறது சுலபம்னு இயேசு சொன்ன "ஊசியின் காதிலே ஒட்டகம்" வசனத்த சின்ன வயசுல இருந்து கேட்டவங்களுக்கு அத பாத்ததும் சிலிர்க்கும். இன்னொண்ணு, முழங்கால் போட்டு கும்பிடுற பொம்பளையோட கை நிழல் இயேசுவோட அங்கி மேல விழுது, கிட்ட போய் பாருங்க, தொடாமலே தொட்ட மாதிரி! எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

பூதக்கண்ணாடி ஒண்ணு கொண்டு போங்க, அவசரமா சுத்தாதீங்க, அரை நாளாவது வேணும்.