எத்திக்கல் யானைக்குத் தனிக் கட்டணம்

முதல்லயே சொல்லிப்போடுறன், இந்த முறை லண்டனிலயிருந்து ஊருக்கு, யாழ்ப்பாணத்துக்குப் போனதில நல்லூர், கீரிமலை, சொந்தக்காரர் வீட்டு விருந்து, வங்கி அலுவல், காணி அலுவல் எல்லாம் ஒரு பிரச்சினையுமில்லாமல் முடிஞ்சுது, அதைப் பற்றி எழுத ஒண்டுமில்லை. எழுத வைச்சது யானை. சரியாச் சொன்னா யானை கூட இல்லை, யானைக்குப் பக்கத்தில மேசை போட்டு இருந்த ஒரு பெடியனும் அவன்ர றிசீற் புத்தகமும்தான்.

மகள் லண்டனில வெளிக்கிட முதலே கண்டிஷன் போட்டிட்டாள். யானைக்கு மேல ஆக்களை ஏத்துற இடத்துக்கு வரமாட்டாளாம், அப்பிடிப் போனா வானுக்குள்ளயே இருப்பாளாம். இஞ்ச பள்ளிக்கூடத்தில உதுகளைப் பற்றி நல்லாச் சொல்லிக் குடுக்கினம். லண்டன் சூவில யானையே இல்லை எண்டது கன பேருக்குத் தெரியாது, 2001ல இருந்ததுகளையும் இடம் காணாதெண்டு அவையின்ர மற்றப் பெரிய சூவான விப்ஸ்னேட்டுக்கு அனுப்பிப்போட்டாங்கள். 2023ல இன்னொரு சட்டமும் பாஸ் பண்ணினவை, வெளிநாட்டில மிருகங்களை வதைக்கிற டூர்களை இஞ்சயிருந்து விளம்பரப்படுத்தி விக்கிறதைத் தடுக்கிறதுக்கெண்டு. அதையும் மகள்தான் சொன்னவள். அப்ப எங்களுக்கு வான் ஒழுங்கு செய்து தந்த ஏஜென்ற், "அண்ணை, யோசிக்காதேங்கோ, சவாரி இல்லாத இடம், முழுக்க எத்திக்கல், நான் ஒன்லைனில போட்டு விடுறன்" எண்டார். காசும் பவுண்ஸில கட்டியாச்சு.

இடத்தின்ர பேர் வேண்டாம். ஏ9ல இறங்கி வவுனியா தாண்டி, தம்புள்ளைப் பக்கம் போகேக்க றோட்டுக்கரையில இப்பிடி நாலைஞ்சு போட் வந்திட்டுது, எல்லாத்திலயும் சாங்ச்சுவரி, ரெஸ்கியூ, எத்திக்கல் எண்டு பெரிய எழுத்தில கிடக்கு. எங்கட இடத்தில வாசல் போட்டிலயே ஒரு யானை, அதுக்கு மேல ஆள் இருக்கிற மாதிரிக் கீறி, குறுக்கால சிவப்புக் கோடு. மகளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

உள்ளுக்குப் போனா ஒரு தகரக் கொட்டில், மேசை, பெடியன். பிறிண்ட் எடுத்த பேப்பரை நீட்டினன். பாத்திட்டு, "இது என்ட்ரி மட்டும் சேர்" எண்டான். சரி, என்ட்ரி எண்டா யானையைப் பாக்கலாம்தானே? பாக்கலாமாம், ஆனா யானை ஆத்தடியில நிக்குதாம், அங்க போறதுக்கு "வோக் வித் எலிஃபன்ற்" எடுக்கவேணுமாம். யானை அங்க நிக்குது, நாங்கள் இஞ்சயிருந்து போறம், இதில எந்த யானையோட நாங்கள் வோக் போறம் எண்டு கேட்டன். சிரிச்சான். றிசீற் புத்தகத்தைத் திறந்து, நீலக் காபன் பேப்பரை எடுத்து, மூலை மூலையாச் சரி பாத்து வைச்சு, பேனையை உதறி, பேர் கேட்டு, எழுதி, கிழிச்சு, சீல் அடிச்சுத் தந்தான். ஒரு சேவையைப் பாராட்டவேணும் எண்டா அந்தக் காபன் வைக்கிற நேர்த்தியைத்தான் பாராட்டவேணும். லண்டனில இப்ப பஸ்ஸில கார்ட்டைத் தட்டிப்போட்டு ஏறுறம், தாளில றிசீற் கண்டு எத்தினை வருஷம். சின்னனில சங்கக்கடையில இப்பிடித்தான் எழுதித் தாறவை, அந்தக் காபன் மணம் வர ஒரு நிமிஷம் கோவமே போச்சுது.

பிறகு வந்தது பழக்கூடை. அதுக்கொரு றிசீற். வாழைப்பழமும் வத்தகப்பழத் துண்டும், நாலு பிடி. திருப்பியும் காபனை எடுத்து, மூலையைச் சரி பாத்து. பிறகு குளிப்பாட்டல், அதுக்கொரு றிசீற், தேங்காய் மட்டை இலவசமாம். கடைசியா எங்கட ஃபோனில நாங்களே எடுக்கிற படத்துக்கு ஒரு றிசீற். இதுக்கிடையில எங்கட அம்மா தன்ர பழைய அடையாள அட்டையைத் தூக்கி நீட்டிக்கொண்டு நிக்கிறா, அதுதான், ஒன்பது இலக்கமும் கடைசியில வி எழுத்தும் உள்ள அட்டை, அரசாங்கத்துச் சரணாலயம் எல்லாத்திலயும் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெள்ளைக்காரருக்கு ஒரு விலை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பெடியன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "பமிலி ஒண்டாத்தானே வந்தது, அப்ப ஒரே ரேற்" எண்டான். அம்மாவுக்கு வந்ததே கோவம். "நான் பிறந்து வளந்த நாட்டில என்னை வெள்ளைக்காரி ஆக்கிப்போட்டான்" எண்டு வான் ஓடின தம்பிக்கு அண்டைக்கு முழுக்கச் சொல்லிச் சொல்லி ஆறேல்லை.

இதில இன்னொரு விசேஷம் இருக்கு. 2021ல இலங்கையில வளப்பு யானைகளுக்கெண்டு புதுச் சட்டம் கொண்டு வந்தவை. ஒவ்வொரு யானைக்கும் பயோமெற்றிக் அடையாள அட்டை, பாகன் வேலை நேரத்தில குடிக்கக்கூடாது, சவாரி எண்டா நாலு பேருக்கு மேல ஏத்தக்கூடாது, அதுவும் மெத்தை வைச்ச இருக்கையில, ஒரு நாளைக்கு ரெண்டரை மணித்தியாலம் கட்டாயம் குளிக்க விடவேணும். யானையின்ர அட்டை செல்லுற நாட்டில எங்கட அம்மாவின்ர அட்டை செல்லேல்லை!

ஆத்தடிக்குப் போனா யானை தண்ணிக்குள்ள ஒரு பக்கம் சரிஞ்சு படுத்திருக்கு. பொம்பிளை யானை. வயிறு பாதி வெளியில, துதிக்கை நுனி மட்டும் தண்ணிக்கு மேல, ஒரு கண் வெளியில. அந்தக் கண்ணைச் சுத்திச் சுருக்கம், ஓரத்தில கறுப்பா ஒரு ஈரக் கோடு, வாறவை ஒவ்வொருவரும் மட்டையால தேய்க்கத் தேய்க்க இமை மட்டும் மெதுவா மூடித் திறக்குது. முன்னங்காலில சங்கிலி இருந்த இடம் மயிரில்லாமல் வழுவழுப்பா வளையம் போட்டிருந்துது. பாகன் இடுப்பளவு தண்ணியில நிக்கிறார், கையில ஒண்டுமில்லை எண்டுதான் நினைச்சன், திரும்பேக்க பாத்தா முதுகுப் பக்கம் சாரத்தில அங்குசம் செருகியிருக்கு. எங்களுக்கு முன்னால ஒரு ஜெர்மன் கூட்டம், பின்னால ஒரு கூட்டம், எல்லாற்ற கையிலயும் மட்டை. யானை ஒருக்கா எழும்பப் பாத்துது, பாகன் ஒரு சத்தம் போட்டார், திருப்பிப் படுத்திட்டுது.

மகள் மட்டையைக் கீழ வைச்சிட்டுப் பெடியனிட்ட வந்தாள். காலமயிலயிருந்து இது எவ்வளவு நேரமாத் தண்ணிக்குள்ள கிடக்கு எண்டு இங்கிலிஷில கேட்டாள். அவன் ஆளைப் பாத்து, அழகா, பாடமாக்கின மாதிரி, "சட்டப்படி ரெண்டரை மணித்தியாலம் குளிப்பாட்டவேணும் மிஸ், நாங்கள் சட்டத்தை மதிக்கிற இடம்" எண்டான். எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. சட்டம் சொன்னது யானை குளிக்கவேணும் எண்டு, வாறவன் போறவன் எல்லாம் காசு கட்டி உரஞ்சவேணும் எண்டு எங்க சொன்னது? ஆனா பெடியனில கோவம் வரேல்லை பாருங்கோ, அவனுக்கு மாசச் சம்பளம் எவ்வளவு வருமெண்டு யோசிச்சன். கோவம் வந்தது ஏஜென்ற்றிலதான். ஃபோன் எடுத்தா "அண்ணை, அங்க கவுண்டரில கதையுங்கோ" எண்டுறார். கவுண்டரில "ஒன்லைன் புக்கிங், ஏஜென்ற்றிட்டக் கேளுங்கோ" எண்டுறாங்கள். லண்டனில எண்டா கிரெடிட் கார்ட்காரனுக்கு ஒரு கோல் எடுத்தா அலுவல் நகரும். இதில ஏஜென்ற் காசு வாங்கினது சித்தப்பாவின்ர மகன்ர எக்கவுண்டுக்கு, அதால அவனோட ஒரு மனஸ்தாபமும் மிச்சம்.

வானுக்குள்ள ஒருத்தரும் கதைக்கேல்லை. நான் யோசிச்சது தெஹிவளைச் சூ. எங்கட காலத்தில கொழும்புக்குப் போறதெண்டா தெஹிவளை போகாமல் வாறேல்லை, பின்னேரம் யானை டான்ஸ் பாக்கக் கல்படியில இடம் பிடிக்க ஓடுறது, யானை ஒரு காலைத் தூக்க நாங்கள் கை தட்டுறது. அதை அப்பிடி ஆடப் பழக்க என்ன செய்திருப்பாங்கள் எண்டு அப்ப ஆர் நினைச்சது. மகளிட்ட இதைச் சொன்னா அவள் என்னை ஒரு மாதிரிப் பாக்கிறாள்.

வான் ஓடின தம்பிதான், "அண்ணை, எப்பிடியும் கதிர்காமம் போறியள், உடவளவையால விடட்டோ, அங்க குட்டியளுக்குப் பால் குடுக்கிற இடம் இருக்கு, ஆனா தொட விடமாட்டாங்கள்" எண்டு பயந்து பயந்து கேட்டவன். மகள் உடன எழும்பி இருந்திட்டாள்.

உடவளவை ட்ரான்சிட் ஹோம் வனஜீவராசித் திணைக்களத்தின்ர இடம், 1995ல துடங்கினது. பாதுகாப்பில்லாத வயல் கிணத்துக்குள்ள விழுந்ததுகள், கம்பிக் கண்ணியில கால் அம்பிட்டதுகள், தாயைச் சுட்டுப்போட்டதால தனிச்சதுகள், இப்பிடிக் குட்டியளைக் கொண்டு வந்து வளக்கினம். காட்டுப் பண்டிக்கெண்டு சாப்பாட்டுக்குள்ள வெடி வைப்பாங்கள், ஹக்கபட்டாஸ் எண்டுறது, அதைக் கடிச்சு வாய் சிதறின யானையளின்ர கதையும் அங்கதான் கேட்டம். முக்கியமான விஷயம், குட்டியளை அங்கயே வைச்சிருக்கிறேல்லை. ஓரளவு வளந்து, அஞ்சு வயசு மட்டில, ஒண்டாப் பழகின குட்டியளாச் சேத்துக் காட்டுக்குள்ள விட்டிடுவினம். 1998லதான் முதல் முறை விட்டது, இப்ப நூறுக்கு மேல போட்டுது. அதாலதான் தொட விடேல்லை, மனுசரோட ஒட்டினா பிறகு காட்டில விட்டாலும் ஊருக்குள்ளதான் வரும்.

ரிக்கெற் ஒண்டுதான். ஒருக்காத்தான். அதுக்குப் பிறகு மேசை போட்டுக்கொண்டு ஒருத்தரும் இல்லை. பால் குடுக்கிற நேரத்துக்குப் போய்ப் படியில இருந்தா, வேலிக்கு அங்கால தூரத்திலதான் எல்லாம். வெயில் நேர முகத்துக்கு, அம்மா சீலைத் தலைப்பைத் தலையில போட்டுக்கொண்டு "இவ்வளவு தூரம் வந்தும் பிள்ளையாரை ஒருக்காத் தொட்டுக் கும்பிடேலாதோ" எண்டு புறுபுறுத்துக்கொண்டே இருந்தா. கேற்றைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் குட்டியளை விடுறாங்கள். திறந்த உடன அதுகள் ஓடி வாற ஓட்டம் இருக்கே, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி, கத்திக்கொண்டு, காது ரெண்டும் அடிபட, ஒண்டை ஒண்டு இடிச்சுக்கொண்டு வந்து புனலுக்குக் கீழ நிக்குதுகள். மேலயிருந்து புனலுக்குள்ள பாலை ஊத்த ரியூப்பால வாய்க்குள்ள போகுது. அளவு முடிஞ்ச உடன ஆள் தட்டி அனுப்புறார், ஒண்டு மட்டும் போகமாட்டன் எண்டு ரியூப்பைத் துதிக்கையால சுத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டுது, அவர் இழுக்க அது இழுக்க, கடைசியில அவர்தான் விட்டவர், அது இன்னும் ரெண்டு மிடறு குடிச்சிட்டுத்தான் இலைக் குவியலுக்குப் போனது. பால் முடிய ஷோவும் முடிஞ்சுது. படம் எடுத்துத் தாறன், மாலை போட்டு விடுறன் எண்டு ஆரும் வரேல்லை. அம்மாவும் கடைசியில சிரிச்சவ, ஆனா புறுபுறுப்பை விடேல்லை.

குறை சொல்லவேணுமெண்டா அந்த றோட்டைத்தான் சொல்லவேணும். உடவளவைப் பார்க் 1972ல அறிவிச்சது, அதின்ர மின்சார வேலிக்கு அங்கால காட்டு யானையள் வந்து துதிக்கையை நீட்டிக்கொண்டு நிக்குதுகள், இஞ்சால பழக்கடை, வாகனத்தை நிப்பாட்டி எங்கட சனம் சீப்புச் சீப்பா எறியுது. உள்ளுக்க ஒரு பக்கம் குட்டியை மனுசரோட ஒட்டாமல் வளத்துவிட இவ்வளவு பாடுபடுறாங்கள், வெளியில காட்டு யானையைப் பிச்சை எடுக்கப் பழக்கினம். அம்மா கதவைத் திறந்து வாழைப்பழம் வாங்க இறங்கப் பாத்தவ, மகள் கையைப் பிடிச்சு இழுத்து வைச்சிட்டாள், ரெண்டு பேருக்கும் கதிர்காமம் வரைக்கும் கதையில்லை.

போறவைக்கு ஒரு விஷயம். யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரே நாளில போய்த் திரும்பலாமெண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ, எம்பிலிப்பிட்டியப் பக்கம் இரவு தங்குங்கோ. பால் குடுக்கிற நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கோ, பிந்திப் போனா வெறும் படியைத்தான் பாக்கலாம். தொப்பியும் கொண்டு போங்கோ, நிழல் எண்டு பெரிசா ஒண்டுமில்லை.