1825 என்று விற்ற மோர்டன் பென்சில்: வாங்குமுன் கேட்க வேண்டிய படங்கள்

இணையத்தில், இங்கிலாந்து விற்பனையாளர் ஒருவரிடமிருந்து வந்த திருகு பென்சில் இது. விளம்பரத்தில் இருந்தது ஒரே வரி: "சாம்சன் மோர்டன், 1825, முழுக்க ஸ்டெர்லிங் வெள்ளி, நன்றாக இயங்குகிறது." அதில் லண்டன் பென்சில் தயாரிப்பாளரின் பெயர் மட்டும்தான் உண்மை. (ஸ்டெர்லிங் என்றால் 92.5 சதவீத வெள்ளி.)

முதலில் வருடம். வெள்ளியைச் சோதித்து லண்டனில் குத்தும் முத்திரையில், வருடத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து அந்தக் காலத்தில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வந்தது. 1825-க்குக் 'கே', 1845-க்கும் 'கே', 1865-க்கும் 'கே'. எழுத்தின் உருவம்தான் வேறு. 1825-இல் சாதாரணச் சின்ன எழுத்து. 1845-இல் கொம்பும் வளைவுமாகப் பழைய ஜெர்மன் அச்சில் வரும் பெரிய எழுத்து. இந்தப் பென்சிலில் இருப்பது இரண்டாவது. தேய்ந்துபோய் எழுத்து மட்டும் குழப்பினால் பக்கத்திலுள்ள வரித் தலையைப் பாருங்கள். 1784 முதல் 1890 வரை வெள்ளிக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் தலையைக் குத்தினார்கள். 1825-இல் ஆண்ட நான்காம் ஜார்ஜ் வலப்பக்கம் பார்ப்பார், விக்டோரியா இடப்பக்கம். இதில் இடப்பக்கம். விக்டோரியா பட்டத்துக்கு வந்ததே 1837-இல். இன்னொரு சாட்சியும் உண்டு: 1823 முதல் 1836 வரை மோர்டனுக்குக் கூட்டாளி கேப்ரியல் ரிடில் என்பதால் அந்தக் காலத்து முத்திரையில் 'எஸ்.எம்.' உடன் 'ஜி.ஆர்.' சேர்ந்திருக்கும். இதில் அது இல்லை.

அடுத்தது வெள்ளி. உடல் வெள்ளிதான், மேல்மூடி பின்னால் யாரோ மாட்டியது. மரையைக் கழற்றினால் விளிம்பில் முலாம் போய்ப் பித்தளை மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டோம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. (ஜெர்மன் சில்வரில் வெள்ளி ஒரு குன்றிமணி கூடக் கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான்.) மோர்டன் பெயர் மட்டும் இருப்பதும் போதாது, அவர்கள் வேறு உலோகத்திலும் செய்தார்கள். ஆனால் உள்ளே இருக்கும் இயங்கு பாகம் பித்தளையாக இருந்தால் அது குறையில்லை. அதையும் சேர்த்து எடைபோட்டு வெள்ளி விலை கேட்டால்தான் மோசடி.

மன்னிக்க முடியாதது இயக்கம். படத்தில் முனை வெளியே நீண்டு, நுனியில் லெட் தெரிந்தது. கையில் வாங்கி, முனையை உள்ளும் வெளியும் நகர்த்தும் வளையத்தை இழுத்தால் அசையவில்லை. முனையைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு மெல்லிய பளபளப்பு: ஃபெவிக்விக் மாதிரியான பசை! முனையை மட்டும் ஐந்து மில்லிமீட்டர் அசிட்டோனில் ஒரு இரவு நிற்க வைத்ததும் கழன்றது. (முழுதும் முக்கக் கூடாது, தலையில் கல் பதித்திருந்தால் அதைப் பிடித்திருக்கும் அரக்கு இளகிவிடும்.) உள்ளே லெட்டைத் தள்ளும் ஊசியே இல்லை. இன்றைய 0.7 லெட் துண்டு ஒன்றைப் பசையில் நட்டுவைத்திருந்தார்கள்.

அதனால் பணம் கட்டுமுன் ஒரு வீடியோ கேளுங்கள். வளையத்தைத் தள்ளி முனையை நீட்டி, ஊசி நுனியில் தலைகாட்டும்வரை திருக வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் திருகி ஊசியை உள்ளிழுத்து முனையையும் உடலுக்குள் தள்ள வேண்டும். வெட்டாமல் ஒரே ஓட்டத்தில். கூடவே முத்திரைகளின் நெருக்கப் படம், மூடியைக் கழற்றிய மரையின் படம். "பழைய பொருள், திருகினால் உடையும்" என்று பதில் வந்தால் ஊசி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லெட் போடும்போது முனைத் துளையை அளந்துவிடுங்கள். 1.18 மில்லிமீட்டர் லெட் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இறுகினால் அழுத்தாதீர்கள், உள்ளே ஒடிந்த துண்டை எடுக்கப்போய்த்தான் பல ஊசிகள் வளைகின்றன.

திருப்பி அனுப்பக் கேட்டதற்கு வந்த பதில்: "உள்ளது உள்ளபடி விற்றது." விளம்பரத்தில் அந்தச் சொல் இல்லை, 'இயங்குகிறது' என்றுதான் இருந்தது. அந்தப் பக்கத்தை வாங்கிய அன்றே படமெடுத்து வைத்திருந்ததாலும், பணம் கார்டில் போனதாலும்தான் வங்கி வழியே புகார் கொடுக்க முடிந்தது.