ஸ்டாம்ப் கோப்பா, குழு இலக்கா? மேக்ஃபைலில் வீண் பில்டைத் தவிர்க்கும் வழி

கொழும்பில் மும்மொழிச் செயலி எழுதும் குழுக்களுக்கு இது பழகிய அமைப்பு: ஒரே மொழிபெயர்ப்பு அட்டவணை, அதிலிருந்து சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று ஹெடர் கோப்புகளை (நிரலின் மற்றக் கோப்புகள் சேர்த்துக்கொள்பவை) ஒரே ஓட்டத்தில் எழுதும் ஸ்கிரிப்ட். மேக் என்பது மேக்ஃபைலில் உள்ள விதிகளைப் படித்து, கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, பழையதானவற்றை மட்டும் மீண்டும் உருவாக்கும் கருவி. அங்கே மூன்று பெயரையும் ஒரே வரியில் போட்டு வெறும் கோலன் வைத்தால் மேக் அதை மூன்று தனி விதிகளாகவே படிக்கும். -ஜே4 (ஒரே நேரத்தில் நான்கு வேலை வரை) கொடுத்தால் ஸ்கிரிப்ட் ஒரே நேரத்தில் பலமுறை ஓடி, ஒன்று எழுதுவதன் மேலேயே மற்றது எழுதும்.

குழு இலக்கு, அதாவது பல கோப்புகளை ஒரே ஓட்டத்தில் உருவாகும் இலக்குகளாகச் சொல்வது, சுலபமானது. கோலனுக்கு முன் & சேர்த்தால் போதும்; ஸ்கிரிப்ட் ஒருமுறைதான் ஓடும், மூன்றில் எது அழிந்தாலும் மீண்டும் உருவாகும். ஆனால் 2020இல் வந்த க்னூ மேக் 4.3 தேவை. உபுண்டு 20.04இல் இருப்பது 4.2.1, ஆப்பிள் கணினிகளோடு வருவது 3.81. பழையவை பிழை காட்டுவதில்லை; & என்பதையும் இன்னொரு இலக்கின் பெயராக எடுத்துக்கொள்ளும்.

ஸ்டாம்ப், அதாவது ஸ்கிரிப்ட் ஓடிய நேரத்தைக் குறிக்க மட்டும் வைக்கும் வெற்றுக் கோப்பு, எந்தப் பதிப்பிலும் ஓடும், ஆனால் கவனமாக எழுத வேண்டும். ஸ்கிரிப்டுக்கு முன்பே ஒரு தற்காலிகக் கோப்பை டச் செய்து (கோப்பின் நேரத்தை இப்போதைக்கு மாற்றும் கட்டளை), வெற்றியாக முடிந்த பின் எம்வி கட்டளையால் ஸ்டாம்ப் பெயருக்கு மாற்றுங்கள். கடைசியில் டச் செய்தால், ஸ்கிரிப்ட் ஓடும்போது யாராவது அட்டவணையைச் சேமித்த மாற்றம் மேக்கின் கண்ணில் படாது.

உண்மையான வித்தியாசம் தெரிவது, சிங்கள வரி ஒன்று மட்டும் மாறும்போது. ஸ்கிரிப்ட் புதிய வெளியீட்டைச் சிஎம்பி கட்டளையால் பழையதோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் மாற்றினால் தமிழ் ஹெடரின் நேரம் அப்படியே இருக்கும். குழு இலக்கில் இதுவே பாதகமாகிவிடும்: தமிழ் ஹெடர் அட்டவணையைவிடப் பழையதாகவே நிற்பதால் ஒவ்வொரு மேக்கிலும் ஸ்கிரிப்ட் ஓடும். ஸ்டாம்பில் ஓடிய நேரம் தனியே பதிவாவதால் அந்தத் தொல்லை இல்லை. ஹெடர்கள் ஸ்டாம்பைச் சார்ந்தவை என்று எழுதி, வரியின் முடிவில் அரைப்புள்ளி (;) ஒன்றை மறக்காமல் வையுங்கள். அந்த வெற்றுக் கட்டளை இருந்தால்தான் மேக் ஹெடரின் நேரத்தை மறுபடி பார்க்கும்; இல்லாவிட்டால் ஹெடர் மாறிவிட்டதாகவே கொண்டு எல்லாவற்றையும் கம்பைல் செய்யும்.

ஸ்டாம்பின் பலவீனம், ஹெடரை மட்டும் யாராவது அழித்தால் மேக் அதைத் திரும்ப உருவாக்காது. உருவான கோப்புகளை நீக்கும் கிளீன் விதியில் ஸ்டாம்பையும் சேர்த்து அழியுங்கள்.

ஸ்கிரிப்ட் நொடியில் முடிந்து, கம்பைல்தான் நீளும் என்றால் ஸ்டாம்பே என் தெரிவு. கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் கிளை மாறி அட்டவணையின் நேரம் புதிதானாலும், உள்ளடக்கம் அதேயென்றால் ஸ்கிரிப்ட் ஒருமுறை ஓடுவதோடு நிற்கும்.