ஆலப்புழை கெட்டுவள்ளத்துல ஒரு ராத்திரி: மதுரைல இருந்து போறவங்க எந்த படகை எடுக்கணும்

மொதல்ல முடிவ சொல்லிர்றேன். ஆலப்புழைல ஹவுஸ்போட்ல தங்கணும், கையில இருக்கறது சின்ன பட்ஜெட் அப்படின்னா, மாடி வச்ச படகு, சுத்தி கண்ணாடி, பெரிய டிவி இதெல்லாம் ஒதுக்கிட்டு, பழைய அரிசி வள்ளத்தை மாத்தி கட்டுன ஒத்த பெட்ரூம் கெட்டுவள்ளம், இல்லன்னா ரெண்டு பெட்ரூம், அது எங்க இருக்குன்னு தேடி புடிங்க. நாங்க அப்படி ஒண்ணுல தான் தங்குனோம், குடுத்த காசுக்கு முழு திருப்தி. கொறையும் இருக்கு, அதையும் சொல்றேன். படகு ஓனர் பேரை வேணும்னே போடல, ஏன்னா அங்க இன்னைக்கு ஒருத்தர் ஓட்டுற படகை அடுத்த சீசன்ல இன்னொருத்தர் லீசுக்கு எடுத்துருவாரு, அதனால பேரை விட படகை பாத்து எடுக்கறது தான் சரி.

ரோடு உசிலம்பட்டி, தேனி, கம்பம், குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம், சங்கனாச்சேரி, அங்க இருந்து ஆலப்புழை. கார்ல எட்டு மணி நேரம் வச்சுக்கோங்க. படகுல ஏத்தற நேரம் பெரும்பாலும் மத்தியானம் 12 மணி, நீங்க 3 மணிக்கு போய் சேந்தாலும் சாயங்காலம் 5:30க்கு கரையில கட்டிருவாங்க, அந்த நேரம் உங்களுக்கு போனது போனது தான். அதனால விடியக்காலம் மூணு மணிக்கே கெளம்பிருங்க. வயசானவங்க, சின்ன புள்ளைங்க இருந்தா குட்டிக்கானத்துல இருந்து எறங்கற வளைவுகளுக்கு எலுமிச்சம்பழம் கையில இருக்கட்டும், எங்க அத்தைக்கு அங்கன தான் தலை சுத்துச்சு.

ஆலப்புழை புன்னமடைல ஃபினிஷிங் பாயின்ட்னு ஒரு எடம், நேரு டிராபி வள்ளங்களி, அதாவது படகுப் போட்டி, முடியற கோடு அது, 1952ல நேரு வந்தப்ப நடந்த போட்டியில இருந்து தொடங்கி இன்னைக்கும் நடக்குது. அதுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியே டிஎன் நம்பர் வண்டிய பாத்தா பைக்ல பக்கத்துலயே வந்து "போட் வேணுமா அண்ணா"ன்னு கேப்பாங்க, நிறுத்தாதீங்க. நேரா கரைக்கு போயி, வரிசையா நிக்கிற படகுகள்ல ஏறி எறங்கி பாத்து, ஓனர்கிட்டயே பேசுங்க. லீவு இல்லாத வாரநாள்ல போனதால எங்களுக்கு ரெண்டு பெட்ரூம் படகு, மூணு வேளை சாப்பாடோட பதினோராயிரத்துக்கு முடிஞ்சது, மொதல்ல பதினஞ்சு சொன்னாங்க. மச்சான் தான் பேசுனாரு, மாட்டுத்தாவணில காய்கறி ஏவாரம் பண்ற ஆளு, பொறுமையா பேசி எறக்குனாரு.

இப்ப படகுக்கு வருவோம், இதுக்காக தான் எழுதவே உக்காந்தேன். ஏறறதுக்கு முன்னாடி கரையில நின்னு அடி உடம்பை நல்லா பாருங்க. ஆஞ்சிலி மரப்பலகை, நம்ம பக்கம் அயினின்னு சொல்ற காட்டுப்பலா, அதை பலகை பலகையா சேத்து வச்சு தேங்கா நார் கயித்தால தச்சிருக்காங்க, ஆணி கெடையாது. பலகைக்கு நடுவுல இருக்கற சந்துல நாரை திணிச்சு, மேல முந்திரிக்கொட்டை ஓட்டுல இருந்து வர்ற கருப்பு எண்ணெய பூசி பூசி எடுத்துருக்காங்க. உப்பும் நல்ல தண்ணியும் கலந்த அந்த காயல்ல, அதாவது உப்பங்கழில, இரும்பு ஆணி துருவேறி மரத்தையும் கெடுத்துரும், கயிறுன்னா ஒரு பலகை உளுத்து போச்சுன்னா தையலை பிரிச்சு அந்த ஒரு பலகைய மட்டும் மாத்திக்கலாம், அதனால தான் ஒழுங்கா பாத்துக்கிட்டா ஒரு வள்ளம் அப்பன், மகன், பேரன்னு தலைமுறை தாண்டி ஓடுது. எந்த காலேஜுலயும் படிக்காத தச்சர்கள் கண்ணளவுலயும் கையளவுலயும் வளைச்ச உடம்பு அது, பக்கத்துல நின்னு பாத்தா தான் அதோட அழகு புரியும்.

இந்த வள்ளம் 60 அடில இருந்து 100 அடி வரைக்கும் நீளம் வரும், 30 டன் வரை சரக்கு ஏத்தலாம். ஆலப்புழைய சுத்தி இருக்கற நெல்லு பூமியான குட்டநாட்டுல வெளைஞ்ச நெல்லை கொச்சிக்கு கொண்டு போறது தான் அப்ப முக்கியமான வேலை, ரெண்டு மூணு பேர் நீட்டு மூங்கில் கழிய தண்ணிக்குள்ள ஊனி தள்ளிக்கிட்டே போவாங்களாம், காத்து தோதா இருந்தா பாய் கட்டுவாங்களாம். பெறகு ரோடும் பாலமும் லாரியும் வந்து வள்ளத்துக்கு வேலை இல்லாம போச்சு, கரையில கெடந்து மக்க ஆரம்பிச்சுது. 1990கள் தொடக்கத்துல தான் இதை ரூம் வச்சு டூரிஸ்டுக்கு விடலாம்னு ஆரம்பிச்சாங்க. நெல்லு மூட்டை அடுக்குன எடத்துல இப்ப கட்டில் கெடக்கு. எங்க படகை ஓட்டுன பெரியவர், நாங்க சேட்டான்னு கூப்ட்டோம், அவரோட அப்பா இதே மாதிரி வள்ளத்துல கழி ஊனுனவரு. என் பையன் அவர் பக்கத்துலயே உக்காந்து ஆயிரம் கேள்வி கேட்டான், அம்புட்டுக்கும் தமிழும் மலையாளமும் கலந்து பதில் சொன்னாரு. நான் கேட்டதும் எஞ்சின் பக்கம் தரைப்பலகைய தூக்கி உள்பக்கம் ஓடுற கயித்து தையலை டார்ச் அடிச்சு காட்டுனாரு. நீங்களும் அதை கேளுங்க, தூக்கி காட்டுனா அது நெசமான கெட்டுவள்ளம். இப்ப நெறைய படகு இரும்புலயும் ஃபைபர்லயும் அடிய செஞ்சு மேல மட்டும் மூங்கிலும் பாயும் வளைச்சு கட்டி அதே தோற்றம் குடுக்கறாங்க, வாடகை என்னமோ ஒரே மாதிரி தான் கேக்கறாங்க.

மேல இருக்கற வளைவும் மூங்கில் கழியில பனம்புப் பாய், அதாவது மூங்கில சீவி முடைஞ்ச பாய், கட்டுனது, மத்தியான வெயில்லயும் உள்ள உக்காந்தா சூடு தெரியல. முன்பக்கம் தெறந்த எடம், நாலு சேர், ஒரு மெத்தை, அதுல தான் முழு பகலும் எல்லாரும் கெடந்தோம். ரூம்ல போய் யாருமே உக்காரல.

போற வழியில நான் வச்ச கண்ணு வாங்காம பாத்தது வயலை. கம்பம் பள்ளத்தாக்குல காலைல தான் நெல்லு வயலை பாத்துட்டு வந்தோம், 1895ல பென்னிகுக் கட்டுன முல்லைப்பெரியாறு அணைத் தண்ணிய மலைய கொடஞ்சு கொண்டு வந்து பாய்ச்சுற வயல் அது, நம்ம வைகைக்கும் அந்த தண்ணி தான். இங்க வந்தா அப்படியே தலைகீழு. குட்டநாட்டு வயல் கடல் மட்டத்துக்கு கீழ கெடக்கு, சில எடத்துல 2 மீட்டருக்கு மேலயும் கீழ போகும். படகு மேல போகுது, வரப்புக்கு அந்தப்பக்கம் நெல்லு நம்ம காலுக்கும் கீழ நிக்குது. சம்சாரி அங்க தண்ணிய பம்பு வச்சு வெளிய எறைச்சுட்டு தான் வெதைக்கவே முடியும். எங்க மாமா மேலூர் பக்கம் கடைமடை விவசாயி, தண்ணி வருமா வருமான்னு ஒவ்வொரு வருசமும் மடைய பாத்துக்கிட்டே இருக்கறவரு, அவர் வரப்பையும் தண்ணியையும் மாறி மாறி பாத்துட்டு "தண்ணிய வெரட்டி வெள்ளாம பாக்கறாய்ங்கப்பா"ன்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசல. ஏரிய அடைச்சு நெலமாக்குன பெரிய காயல் நெலங்களும் இருக்கு, சித்திரை, மார்த்தாண்டம், ராணின்னு பேரு, 1940கள்ல உருவாக்குனது. குட்டநாட்டோட இந்த கடல்மட்டத்துக்கு கீழ நடக்கற விவசாயத்தை 2013ல ஐநாவோட உணவு விவசாய அமைப்பு உலக பாரம்பரிய விவசாய முறைன்னு அங்கீகரிச்சுது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் பொறந்தது கும்பகோணம், ஆனா பூர்வீகம் இங்க இருக்கற மங்கொம்பு தான், சங்கனாச்சேரி ரோட்டுல வர்றப்ப அந்த ஊரை தாண்டி தான் வருவீங்க. மாடி படகுல மேல கண்ணாடிக்குள்ள உக்காந்தா இந்த மட்ட வித்தியாசமே கண்ணுக்கு சரியா படாது, சின்ன வள்ளத்துல தண்ணிய ஒட்டி உக்காந்தா தான் வரப்பு எம்புட்டு ஒசரம், வயல் எம்புட்டு பள்ளம்னு வெளங்கும்.

இன்னொண்ணு, பெரிய படகு வேம்பநாட்டு ஏரில அகலமான தண்ணில சுத்திட்டு வந்துரும், உள் வாய்க்காலுக்குள்ள நொழைய முடியாது. சின்ன வள்ளம் கொஞ்சம் உள்ள போகும், ரொம்ப ஒடுங்குன வாய்க்காலுக்கு அதுவும் போகாது, அதுக்கு சாயங்காலம் தனியா சின்ன தோணி இருக்கு, மணிக்கு இம்புட்டுன்னு காசு. நாங்க ஏறுனோம், கரையோரம் துணி தொவைக்கிறவங்க, யூனிபார்ம்ல தோணிக்கு காத்து நிக்கிற புள்ளைங்க, அவங்க வீட்டு வாசல் வழியா தான் நம்ம போறோம், அதனால கண்டபடி போட்டோ எடுக்காதீங்க, கேட்டுட்டு எடுங்க.

சாப்பாடு மத்தியானம் கரிமீன் பொரிச்சது, மோர்க்குழம்பு, பயறு தோரன், அப்பளம். கரிமீன் முள்ளு ஜாஸ்தி, புள்ளைங்களுக்கு நீங்களே எடுத்து குடுங்க. வாழையிலைல சுத்தி மசாலாவோட சுட்ட கரிமீன் பொள்ளிச்சது தனியா சொன்னா செஞ்சு தர்றாங்க, கரையில இருக்கற மீன் கடையில நம்மளே வாங்கி குடுத்தா சமையலுக்கு மட்டும் காசு. ஆத்து கொஞ்சு, அதாவது பெரிய ஆத்து எறா, வெலை ரொம்ப ஓவர், கேட்டுட்டு வேணாம்னு வந்துட்டோம். மட்ட அரிசி, அதாவது கேரளா செகப்பு அரிசி, சோறு எங்க அத்தைக்கு ஒத்துக்காது, வெள்ளை சோறு வேணும்னு ஏறும்போதே சொல்லிருங்க, சொன்னா செய்யறாங்க. ராத்திரி சப்பாத்தி கோழி, சுமார் தான். காலைல இட்லி சாம்பார், நம்ம ஊர்ல இட்லி சாப்புட்டு வளந்தவங்களுக்கு அது பத்தாது, நீங்க புட்டு கடலை கேளுங்க.

இப்ப கொறைகள். பட்ஜெட் படகுல ஏசி ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 வரைக்கும் தான் ஓடும், இது ஊரறிஞ்ச வழக்கம், பேசும்போதே கேட்டுக்கோங்க. எங்களுக்கு பிரச்சினை ஏசில இல்ல, கட்டுன எடத்துல. வரிசையா பதினஞ்சு படகு ஒட்டி ஒட்டி நிக்கிற கரையில கொண்டு போயி கட்டிட்டாங்க, பக்கத்து படகு ஜெனரேட்டர் எங்க ஜன்னலுக்கு நேரா, டீசல் பொகை உள்ள வருது, அதுக்கு அந்தப்பக்கம் ஒரு படகுல பாட்டு வேற பதினோரு மணி வரை. சேட்டன்கிட்ட சொன்னா, ஓனர் காசு கட்டி வச்ச எடம் இது தான், கரண்டு கனெக்ஷன் இங்க தான்னு சொல்றாரு, அவரை கொறை சொல்ல முடியாது. ராத்திரி மீன்பிடிக்கிறவங்க வலை போடற நேரம், அதனால எந்த ஹவுஸ்போட்டும் நகரக்கூடாது, அது நியாயமான சட்டம். ஆனா எங்க கட்டுவீங்க, பக்கத்துல எத்தனை படகு நிக்கும், கரண்டு கரையில இருந்தா ஜெனரேட்டரான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. அந்த ராத்திரி தூக்கமே இந்த ஒரு விஷயத்துல தான் இருக்கு.

பாத்ரூம் சின்னது, சுத்தமா இருந்துச்சு, ஆனா மத்தியானத்துக்கு மேல லேசா வாடை. கொசு சாயங்காலம் ஆறுல இருந்து ஏழரை வரை கடுமையா கடிக்கும், ஓடோமாஸ் வேணும். சுத்தி தண்ணியா இருந்தாலும் குடிக்க தண்ணி கேன்ல தான், நம்ம ஆளுக்கு ரெண்டு லிட்டர் எக்ஸ்ட்ரா கொண்டு போங்க. காயல்ல அங்கங்க டீசல் படலம், பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை எல்லாம் கெடக்கு, வண்டியூர் கண்மாய பாத்து வருத்தப்பட்ட மனசுக்கு அங்கயும் அதே வருத்தம். டூரிஸ்ட் படகு கூடிப்போனது தான் இதுல ஒரு காரணம், நம்மளும் அதுல ஒரு படகு. குப்பைய ஒரு பையில போட்டு கரைக்கே கொண்டு வந்துருங்க, சுற்றுச்சூழலை கெடுக்காத படகுக்கு கேரளா டூரிசம் குடுக்கற க்ரீன் பாம் (Green Palm) சான்றிதழ் வாங்குன படகு கெடைச்சா அதை எடுங்க.

சேஃப்டி விஷயத்துல கூச்சமே படாதீங்க. குமுளிய தாண்டி தான் நம்ம போறோம், அங்க தேக்கடில 2009 செப்டம்பர் 30ம் தேதி மாடி வச்ச படகு ஒரு பக்கமா சாஞ்சு கவுந்து 45 பேர் எறந்து போனாங்க. அதனால தான் மாடி படகுல பத்து இருபது பேரை ஏத்தி ஆட்டம் போடறத பாத்தா எனக்கு வயிறு கலங்குது. ஏறுனதும் லைஃப் ஜாக்கெட்ட எண்ணுங்க, புள்ளைங்க சைஸ் இருக்கான்னு பாருங்க, பதிவு நம்பரையும் ஓட்டுறவர் லைசன்சையும் காட்ட சொல்லுங்க. எங்க படகுல புள்ளைங்க சைஸ் மொதல்ல இல்ல, கேட்ட பெறகு கரையில இருந்து வாங்கிட்டு வந்து தான் கெளப்புனாங்க. முன்பக்கம் தடுப்பு கம்பி எங்களுது முட்டி ஒசரம் தான், அதனால புள்ளைங்க மேல ஒரு கண்ணு எப்பவும் இருக்கணும்.

எப்ப போகலாம்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரி நல்லா இருக்கும், ஆனா கிறிஸ்மஸ், நியூ இயர், பொங்கல் லீவுல வாடகை ரெண்டு மடங்கு ஆயிரும், அப்ப போகவே போகாதீங்க. ஜூன் ஜூலை மழையில வாடகை நல்லா கொறையும், மழை காயல்ல எறங்கறதும் அழகு தான், ஆனா வெள்ள எச்சரிக்கை பாத்துட்டு கெளம்புங்க, 2018 ஆகஸ்ட்ல குட்டநாடு மொத்தமா முங்கி கெடந்தது எல்லாருக்கும் தெரியும். படகுல வேலை பாக்கற மூணு பேருக்கும் கையில தனியா ஏதாவது குடுங்க, வாடகைல அவங்களுக்கு போறது கொஞ்சம்.

இம்புட்டு காசும் முடியாது, ஆனா காயலை பாக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு, ஆலப்புழை கேஎஸ்ஆர்டிசி பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே கவர்மெண்டு போட் ஜெட்டி இருக்கு. அங்க கோட்டயம் போட்ல ஏறுனா பஸ் டிக்கெட் மாதிரி சின்ன காசுல ரெண்டரை மணி நேரம் இதே குட்டநாட்டு வழியா போகலாம், ஊர்க்காரங்க கூட உக்காந்து. ஏறும்போது கோட்டயம் வரை போகுமான்னு மட்டும் கேட்டுக்கோங்க, ஆகாயத்தாமரை அடைச்சிருந்தா கோட்டயத்துக்கு முன்னாடி இருக்கற காஞ்சிரத்தோட நிறுத்திருவாங்க, அங்க இருந்து கோட்டயத்துக்கு பஸ்ஸோ ஆட்டோவோ புடிக்கணும்.