பனியன் கம்பெனியும் ஒட்டுக் கேட்காத அழைப்பும்: நான்கு ஆண்டு அனுபவம்

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். பீஸுக்கு இரண்டு ரூபாய் முன்னே பின்னே போனாலே ஆர்டர் கைமாறிவிடும் தொழில். 2021 தொடக்கத்தில் டென்மார்க் ஏஜென்டிடம் நான் பேசிய ரேட், இரண்டே நாளில் அடுத்த வீதிக்காரருக்குத் தெரிந்திருந்தது. வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கையைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். அழைப்பை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நானே முடிவு கட்டி, மாற்று தேடக் கிளம்பினேன்.

முதலில் என் அறியாமை தீர்ந்தது. வாட்ஸ்அப்பும் 2016 முதல், சிக்னல் என்ற இன்னொரு அழைப்புச் செயலியின் மறையாக்க முறையையே (பேச்சைப் பூட்டி அனுப்பும் முறை) பயன்படுத்துகிறது. பேசும் பேச்சு நடுவில் யாருக்கும் கேட்காது. ஆனால் யார் யாரை எப்போது அழைத்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பது வேறு கணக்கு; அந்தப் பூட்டுக்குள் அது வராது. தொழிலில் பாதி ரகசியம் அதில்தான் இருக்கிறது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வந்தபோது சிக்னலால் கொடுக்க முடிந்தவை இரண்டே தேதிகள்: கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைப்பில் வந்த நாள். இதைப் படித்த அன்றே சிக்னலை நிறுவிவிட்டேன்.

குரல் தெளிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமைப்புகளில், அழைப்புகளை எப்போதும் சிக்னல் சேவையகம் (சர்வர்) வழியாக அனுப்பும் வசதி உண்டு. அதைப் போட்டால் நம் ஐபி முகவரி, அதாவது நம் இணைய இணைப்பின் முகவரி, எதிர்முனைக்குத் தெரியாது. பேச்சு ஒரு நொடிப்பொழுது தாமதிக்கிறது, அவ்வளவுதான். தொல்லை வந்தது போனிலிருந்து. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று அது பின்னணியில் சிக்னலைத் தூங்க வைத்துவிடும். எவ்வளவு பலமான மறையாக்கம் இருந்து என்ன, மணி அடிக்கவில்லையே! பேட்டரி கட்டுப்பாட்டை அந்தச் செயலிக்கு மட்டும் நீக்கிய பிறகுதான் நிம்மதி. காங்கேயத்தில் இருக்கும் அம்மிச்சிக்கும் நிறுவிக் கொடுத்தேன். "ஏன் கண்ணு, பச்சையில் பேசினால் என்ன, நீலத்தில் பேசினால் என்ன?" என்று வாட்ஸ்அப், சிக்னல் நிறங்களை வைத்துக் கேட்டார். இன்றுவரை சரியான பதில் என்னிடம் இல்லை.

ஜாமி என்ற வேறொரு அழைப்புச் செயலியை மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தேன். போன் எண் வேண்டாம், நடுவில் ஒரு கம்பெனியின் சேவையகம் வேண்டாம் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. நடைமுறையில் பேட்டரி கரைந்தது. மச்சான் போனைத் தொலைத்தபோது, காப்பு நகல் எடுத்து வைக்காததால் கணக்கும் சேர்ந்து போனது. கொள்கைக்கு நூறு மதிப்பெண், பனியன் கம்பெனிக்குப் பாஸ் மார்க் இல்லை.

பலர் சேர்ந்து பேசும் கூட்டு அழைப்புக்கு ஜிட்சி என்ற மென்பொருள். எதிர்முனையில் எதையும் நிறுவ வேண்டாம், இணைப்பை அனுப்பினால் பிரவுசரிலேயே திறக்கும். சாயப்பட்டறை, எம்ப்ராய்டரி, பேக்கிங் என்று ஆளுக்கு ஒரு போன் வைத்திருக்கும் ஊரில் இது பெரிய வரம். 2023 ஆகஸ்டில் ஜிட்சியின் பொதுத் தளத்தில் கூட்டம் தொடங்குபவர் கூகுள், பேஸ்புக் அல்லது கிட்ஹப் கணக்கில் நுழைய வேண்டும் என்றார்கள். எதை விட்டு ஓடினோமோ அதே வாசலுக்குத் திரும்பியது போலிருந்தது. வாடகை சேவையகம் எடுத்து ஜிட்சியை நானே நிறுவினேன். இருவர் பேசும்போது அருமை. மூன்றாமவர் நுழைந்ததும் எல்லோரும் ஊமை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இருவர் என்றால் நேரடி இணைப்பு, மூவர் என்றால் சேவையகம் வழி. அதற்கான 10000ஆம் யுடிபி போர்ட்டை, அதாவது பேச்சு சேவையகத்துக்குள் நுழையும் வாசலை, நான் திறக்கவே இல்லை. ஜிட்சிக் குழு அழைப்பில் வழக்கமாகப் பேச்சு சேவையகத்தில் ஒருமுறை அவிழ்ந்துதான் மறுபடி பூட்டப்படும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. சேவையகம் யாருடையது என்று பார்ப்பது அதனால்தான்.

டென்மார்க் ஏஜென்ட் மட்டும் ஸ்கைப்பை விடவே இல்லை. 2025 மே 5 அன்று மைக்ரோசாஃப்ட் அதை மூடியபோதுதான் சிக்னலுக்கு வந்தார். 2024 முதல் அதில் பயனர்பெயர் வசதி இருப்பதால் எண்ணைக்கூட அவர் தரவில்லை. கணக்குத் தொடங்க மட்டும் எண் வேண்டும்.

அந்த முதல் ரேட் கசிந்த கதையும் வெளியே வந்துவிட்டது. அன்று நான் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் நூல் புரோக்கர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இப்போது டென்மார்க் அழைப்பு வந்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன்.